கட்டில் பலகையில் ஒரு கிட்டார்

திசையன்விளை
21-1-2024

ஜெனோவுக்கு,

ஆரிப் எழுதுகிறேன். பழைய நம்பரை விட்டுவிட்டேன். புது நம்பரிலிருந்து உன்னைக் கூப்பிட எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்தேன். உன் குரல் வந்தால் என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டேன். கடிதம் என்றால் உனக்குப் பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிடலாம்.

இப்போது நஃபீஸத் அக்கா வீட்டில் இருக்கிறேன். மச்சான் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். கவர் மாட்டுவதும் கண்ணாடி ஒட்டுவதும் என் வேலை. போர்டைத் திறக்கிற வேலை வந்தால் வேறு கடைக்கு அனுப்பிவிடச் சொல்கிறேன். மச்சானுக்கு விளங்கவில்லை. "டிவி மெக்கானிக்குன்னு சொன்னாங்க, ஒரு சார்ஜர் பின் மாத்தச் சொன்னா கை நடுங்குதான்" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தாலே சபை மண்டபத்தில் நீ விழுந்து கிடந்தது கண்ணுக்குள் வருகிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்ல?

ஜெனோ, உன் கையைக் கெடுத்தது நான்தான். கிட்டார் சத்தத்தைப் பெருக்க நான் வயரிங் செய்த அந்த ஆம்பின் எர்த் வயரைப் பெட்டியின் தகட்டோடு சேர்த்துத் திருகியது நான். முழுக்க இறுக்கினேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாள், இறுக்கினேன் என்று தோன்றுகிறது. மறுநாள், இல்லை, அஸர் தொழுகைக்கு நேரமாயிற்று என்று பாதியில் எழுந்து போனேன், திரும்பி வந்து அதை மறந்துவிட்டேன் என்று தோன்றுகிறது. எர்த் சரியாக இருந்திருந்தால் மழை ஈரத்தில் கசிந்த கரண்ட் அந்த வயர் வழியே மண்ணுக்குப் போயிருக்கும். கிட்டார் கம்பிக்கு வந்திருக்காது. நீ ஒரு கையில் கம்பியும் மறு கையில் மைக்குமாக நின்றபோது உன் உடம்பு வழியே போயிருக்காது.

டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு உன் அப்பா நான் வேலை பார்த்த டிவி கடைக்கு வந்து, "என் மவனைக் கொல்லப் பாத்தியேலே" என்று சத்தம் போட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. பெற்றவர் வேறு என்ன சொல்வார்? முதலாளி ஆவுடைநாயகம் அண்ணாச்சி என்னைக் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்றார். அவர் மீதும் குறையில்லை. கடை முழுக்கத் தண்ணீரில் நனைந்த டிவி. கொண்டுவந்து தருகிறவர்கள் எல்லாம் "அந்தப் பையன் கை வைக்க வேண்டாம்" என்றால் அவர் என்ன செய்வார்?

நாம் அந்தக் கிட்டாரைச் செய்த நாட்களை நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் நினைக்கிறேன். உங்கள் பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகையை அறுத்து உடம்பு செய்தோம். யாரோ உடைத்துப் போட்ட கிட்டாரிலிருந்து கழுத்து. பழைய ரேடியோவிலிருந்து வால்யூம் திருகி. தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை உன் அம்மாவின் தையல் மிஷினில் பாபின் சுற்றுகிற இடத்தில் மாட்டிச் சுற்றினோமே, எத்தனை முறை அறுந்தது. ஒவ்வொரு முறை அறுந்தபோதும் நீ சிரித்தாய். கடைசியில் கம்பியைத் தட்டினால் திருநெல்வேலி வானொலியில் உரம் போடுவது எப்படி என்று யாரோ பேசியது அதில் கேட்டது. அன்றைக்கு மொட்டை மாடியில் நாம் ஆடிய ஆட்டம்.

இப்போது கை எப்படி இருக்கிறது? விரல் மடங்குகிறதா?

ஆரிப்


பாளையங்கோட்டை
11-2-2024

அன்புள்ள ஆரிப்,

உன் கடிதம் கிடைத்தது. கை சரியில்லாததால் உடனே பதில் எழுத முடியவில்லை.

தீப்பட்ட இடத்தில் தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்திருக்கிறார்கள். இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் முழுக்க மடங்காது. தொட்டால் தெரியாது. சூடான காபி டம்ளரைப் பிடித்திருந்தேன், அம்மா பார்த்துவிட்டுப் பிடுங்கினாள். டாக்டர் நரம்பு வளர நாளாகும் என்கிறார். வளரும் என்று சொல்லவில்லை. பள்ளி அலுவலகத்தில் ஒரு கையால் டைப் அடிக்கிறேன். ஹெட்மாஸ்டர் ஒன்றும் சொல்வதில்லை.

நீ உன்னையே வருத்திக்கொள்ளாதே. நடந்தது நடந்துவிட்டது. மறப்பது மனித இயல்பு. நான் உன்னை மன்னித்துவிட்டேன். மனதார மன்னித்துவிட்டேன். கர்த்தர் முன்பாக இதை எழுதுகிறேன். இனி நீ அந்த ஆம்பைப் பற்றியோ திருகைப் பற்றியோ நினைக்கவே வேண்டாம். நினைத்து என்ன ஆகப்போகிறது? அதை விட்டுவிடு.

அப்பாவிடம் உன் பேரை எடுக்க முடியாது. அவருக்குக் கோபம் ஆற நாளாகும். அதனால் நீ இந்தப் பக்கம் இப்போதைக்கு வராமல் இருப்பது நல்லது. உன் நன்மைக்காகச் சொல்கிறேன்.

கிட்டாரையும் ஆம்பையும் அம்மா ஒரு பழைய போர்வையில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். அந்தப் பக்கமே நான் பார்ப்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெனோ


திசையன்விளை
3-3-2024

ஜெனோ,

உன் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "மன்னித்துவிட்டேன்" என்ற இடத்தில் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை, அவள் வாங்கி வாசித்தாள். "பெரிய மனசுள்ள பிள்ளை" என்றாள். அன்று பள்ளிவாசலில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்கு நான் செய்ததற்கு நீ இப்படி எழுத வேண்டிய கட்டாயமே இல்லை.

ஆனால் ஒரு காரியம் கேட்க வேண்டியிருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

மச்சானின் கூட்டாளி ஒருவர் குவைத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கட்டிட மின்சார வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். என் படிப்புக்கும் வேலைக்கும் தோதான இடம். இந்த மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அக்கா சொல்லு சொல்லு என்கிறாள். எனக்கு வாய் வரவில்லை. அங்கே நான் வயர் இழுக்கிற அறையில் ஆட்கள் தூங்குவார்கள், ஜெனோ. ஒரு திருகை மறந்தவன் இன்னொன்றை மறக்கமாட்டானா?

எங்கே தப்பு செய்தேன் என்று கண்ணால் பார்த்துவிட்டால் தேறிவிடுவேன் என்று தோன்றுகிறது. திருகு தளர்ந்திருந்தால், சரி, இனி ஒவ்வொன்றையும் இரண்டு தரம் இறுக்குவேன். வயர் நைந்திருந்தால், இனிப் பழைய வயர் போடமாட்டேன். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது. அதனால் அந்த ஆம்பை மட்டும் எனக்கு அனுப்பித் தருவாயா? புது பஸ் ஸ்டாண்டில் திசையன்விளை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தால் போதும், இங்கே நான் வாங்கிக்கொள்வேன். கிட்டார் வேண்டாம். அது உன்னிடமே இருக்கட்டும்.

உன் விரலுக்காகத் துஆ செய்கிறேன்.

ஆரிப்


பாளையங்கோட்டை
10-3-2024

ஆரிப்,

ஆம்ப் இப்போது இல்லை. போன மாதமே பழைய இரும்புக்காரனிடம் அம்மா போட்டுவிட்டாளாம். எனக்கே இப்போதுதான் தெரியும்.

நீ குவைத்துக்குப் போ. தயங்காதே. நீ நல்ல வேலைக்காரன், எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. போ.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

ஜெனோ


திசையன்விளை
5-4-2024

ஜெனோ,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் அம்மா உன்னிடம் சொன்னார்களோ என்னவோ. நீயும் உன் அப்பாவும் ஈஸ்டர் ஆராதனைக்குப் போய்த் திரும்பியிருக்கவில்லை. நீ எழுதிய அந்தச் சின்னக் கடிதம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. உன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். உன் அப்பா அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்ற துணிச்சலில் வந்தேன்.

சாலோமி அம்மா கதவைத் திறந்து வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். பிறகு, "வெயில்ல வந்திருக்கியேய்யா, தண்ணி குடி" என்று செம்பை நீட்டினார்கள். நோன்பு என்றேன். "ஆமா, மறந்துட்டேன்யா" என்று செம்பை உள்ளே கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் கையில் போர்வை மூட்டை இருந்தது. "இதை எடுத்துட்டுப் போயிரு ஆரிபு. கூட்டும்போதெல்லாம் தட்டுப்படுது. பாத்தா அவன் சாப்பிடமாட்டேங்கான்" என்றார்கள்.

கிட்டாரும் இருந்தது. இரும்புக்காரன் எடுத்துப்போன ஆம்பும் இருந்தது.

மூட்டையைத் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மச்சான் கடையில் வைத்து அன்றைக்கே திறந்தேன். ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

என் திருகு இறுகத்தான் இருந்தது, ஜெனோ. கழற்றுவதற்கே பலம் வேண்டியிருந்தது. அதில் மாட்டிய வயர்தான் ஒரு விரற்கடைக்கு அப்பால் இல்லை. நையவில்லை. எரியவில்லை. வெட்டியிருக்கிறது. வெட்டிய முனையில் வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருக்கிறது. கம்பி அழுத்தி விரல் நுனி புண்ணாகாமல் இருக்க நீ ஒட்டிக்கொள்வாயே, அதே பிளாஸ்திரி. நான் வேலையில் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை.

கை சரியில்லாததால் எழுதத் தாமதம் என்று எழுதியிருந்தாய். தீப்பட்டது இடது கை. நீ எழுதுவது வலது கை. அதை வாசித்த அன்று நான் இதைக் கவனிக்கவே இல்லை. பாவம், எவ்வளவு வலியோ என்றுதான் நினைத்தேன்.

குவைத்துக்காரரிடம் முடியாது என்று சொல்லி ஒரு வாரமாகிவிட்டது. உன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அதை இனி மாற்ற முடியாது.

வயரை வெட்டியதைக்கூட விடு. எர்த்தை எடுத்தால் ஆம்பின் இரைச்சல் நிற்கும் என்று வெட்டியிருப்பாய். எத்தனையோ பேர் செய்கிற முட்டாள்தனம்தான். நான் வேண்டாம் என்று சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். ஆனால் நீ என்னை மன்னித்தாய். அந்த வரியை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று உனக்குத் தெரியாது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உன்னால் எப்படி முடிந்தது?

பதில் எழுத வேண்டாம்.

ஆரிப்


பாளையங்கோட்டை
12-5-2024

ஆரிப்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இதை வாசிக்காமல் கிழித்துப் போட உனக்கு உரிமை உண்டு.

நீ கண்டுபிடித்தபடிதான் நடந்தது. பாட்டுக் குழு ஒத்திகையில் நான் விழுந்ததற்கு முந்தின நாள், மண்டபத்து மைக் செட் மிக்சரில் ஆம்பைச் சேர்த்ததும் உம்மென்று ஒரு இரைச்சல். பாட்டு நடத்துகிறவர், "ஜெனோ, கொசு விரட்டுற மெஷினைக் கொண்டாந்துட்டியா" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எர்த்தை எடுத்தால் இரைச்சல் நிற்கும் என்று எங்கோ பார்த்திருந்தேன். அதற்கு வெகு நாள் முன்பே பேச்சுவாக்கில் உன்னிடம் கேட்டபோது நீ, "சாவணும்னு நினைச்சா எடுலே" என்றாய். நான் எடுத்தேன். இரைச்சல் நின்றுவிட்டது. மறுநாள் மழையில் ஜன்னலோரம் ஆம்ப் நனைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்விழித்தபோது அப்பா, "இதுக்கு வயரிங் பண்ணுனது யாருலே?" என்று கேட்டார். ஆரிப் என்றேன். நான் சொன்னது பொய் இல்லை, பார்த்தாயா. அதுதான் என்னைக் காப்பாற்றியது. பொய் சொல்லவில்லை, கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன் என்று அந்த வெள்ள வாரம் முழுவதும் படுக்கையில் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உன் கடைக்குப் போனார் என்று தெரிந்தபோதும் அதையே சொல்லிக்கொண்டேன்.

பிறகு உன் கடிதம் வந்தது. பழியை நீயே உன் தலையில் எடுத்து வைத்திருந்தாய். நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது மட்டும்தான். ஆனால் நான் சும்மாகூட இருக்கவில்லை. மன்னித்தேன். அதை எழுதியபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நன்றாக இருந்தது. உண்மையிலேயே நான் ஒரு நல்லவன் போலவும் நீ எனக்குத் தீங்கு செய்தவன் போலவும் கொஞ்ச நேரம் நம்பினேன். வயரை வெட்டியதை என்னால் யாரிடமும் சொல்லிவிட முடியும். உன்னை மன்னித்ததை நினைத்தால்தான் கண்ணாடியில் முகம் பார்க்க முடியவில்லை.

உன் கடைசிக் கடிதம் வந்து இரண்டு வாரம் அதை வைத்துக்கொண்டு சுற்றினேன். ஒரு சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, எர்த் வயரை வெட்டுனது நான். ஆரிப் இல்ல."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "ஆஸ்பத்திரியில நான் கேட்டனே?"

"வயரிங் யாருன்னுதான் கேட்டீங்க."

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் வெகு நேரம் துடைத்தார். "அப்போ நான் கேட்டதுதான் தப்பாலே?" என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருக்கலாம், ஆரிப். எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "கிளம்பு" என்றார்.

ஆவுடைநாயகம் அண்ணாச்சி கடையில் ஆட்கள் இருந்தார்கள். அப்பா படியேறாமல் வாசலிலேயே நின்றார். அன்றைக்கும் அங்கேதான் நின்றாராம். "நேசையா வந்திருக்கேன் அண்ணாச்சி. அன்னைக்கு இங்கன நின்னுதான் அந்தப் பையனை ஏசினேன். இன்னைக்கு என் மவன் இங்கனயே நின்னு சொல்லுவான், எல்லாரும் கேளுங்க" என்றார். நான் சொன்னேன். "கேக்கலலே, சத்தமாச் சொல்லு" என்றார். மறுபடி சொன்னேன்.

மிக்சி கொண்டுவந்திருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "எந்தப் பையனைச் சொல்லுதாங்க?" என்று கேட்டார். அவருக்கு உன்னைத் தெரியவே இல்லை. அந்தக் கடை வேலையால் முன்பு யாருக்கோ ஷாக் அடித்தது என்று மட்டும் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார்.

அண்ணாச்சி கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தார். "சொல்லிட்டீங்க, சரி சார். இனி நான் யார் யார் வீட்டுக்குப் போய்ச் சொல்ல? அவன் ஸ்டூல்ல இப்போ வேற ஆள் உக்காந்திருக்கான். ஆரிப் வந்தா இடம் இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா அவன் வருவானா?" என்றார்.

பாட்டுக் குழுவிலும் சொல்லிவிட்டேன். "விடுப்பா, உனக்குத்தான அடிபட்டுது" என்றார்கள். எல்லாரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள். அப்பா மட்டும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. அவர் உனக்கு எழுத வேண்டுமென்று தாள் எடுத்து வைக்கிறார். உன் பேரை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்.

மன்னிப்பு கேட்கவில்லை. அந்த வார்த்தையை நான் கெடுத்துவிட்டேன். செய்ய வேண்டியது ஏதாவது மிச்சம் இருந்தால் சொல். செய்கிறேன்.

ஜெனோ


திசையன்விளை
30-6-2024

ஜெனோ,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. வாசித்தேன். அண்ணாச்சியும் அக்கா போனுக்குப் பேசினார். உன் அப்பா வாசலில் நின்றதைச் சொன்னார். அந்த மனுஷனை அப்படி நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு எழுதச் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லிவிடு.

நான் பாளையங்கோட்டைக்குத் திரும்பப் போவதில்லை. இங்கே மோட்டார் காயில் கட்டுகிற கடை ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். செம்மண் காட்டில் இந்த வெயிலுக்குத் தினமும் ஏதாவதொரு கிணற்று மோட்டார் புகைந்துகொண்டு வருகிறது. கை நடுங்குவதில்லை. முதல் சில நாள் நடுங்கியது, பிறகு நின்றுவிட்டது. குவைத்துக்கு வேறு யாரோ போய்விட்டார். சில நாள் அதை நினைக்காமல் இருக்கிறேன். சில நாள் காலையில் எழுந்ததுமே அதுதான் நினைவு.

ஆம்புக்குப் புது வயர் போட்டு ஓட்டிப் பார்த்தேன். உம்மென்று இரைந்தது. நாம் செம்புக் கம்பி சுற்றிச் செய்த பிக்கப்பைச் சுற்றித் தகரம் அடைத்து, உள்ளே இரண்டு வயரை முறுக்கிவிட்டேன். இரைச்சல் அடங்கிவிட்டது. முழுக்க இல்லை, பாட்டை மறைக்காத அளவுக்கு. அரை நாள் வேலைதான். நீ அன்றைக்கு எனக்கு ஒரு போன் செய்திருந்தால் வந்து செய்து கொடுத்திருப்பேன். கிட்டாரை நான் திருப்பித் தரப்போவதில்லை. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

உன்னை மன்னித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுதமாட்டேன்.

செய்ய வேண்டியது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாய். ஒன்று இருக்கிறது.

என் உம்மாவை உனக்குத் தெரியும். மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறாய். "கிட்டார்க்காரன் வந்துட்டான்" என்று பீடி சுற்றுகிற தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்திருப்பாள். டிசம்பரில் நடந்ததைக் கேட்டதிலிருந்து அவள் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் நோன்பு வைக்கிறாள். உன் விரலுக்காக. தன் பிள்ளையின் கவனக்குறைவால் இன்னொருத்தி பிள்ளை கை முடங்கிவிட்டது என்று என்னிடம் சொல்லாமல் வைத்துவந்திருக்கிறாள். ரமலான் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. சர்க்கரை இருக்கிறது, வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. "இந்த ஷரீபா பீவி பெத்த பிள்ளையால அந்தத் தாய் அழுதா. நான் வயிறு நிறையத் திங்கவா?" என்று அக்காவிடம் கேட்டாளாம்.

வயரை வெட்டியது நீ என்று அவளிடம் சொல்ல இரண்டு முறை ஊருக்குப் போனேன். இரண்டு முறையும் அவள் முதலில் கேட்டது உன் கையைப் பற்றித்தான். சொல்லாமல் திரும்பிவிட்டேன். பயத்தால் இல்லை. இது நான் சொல்ல வேண்டிய காரியம் இல்லை.

உன் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். இத்தனை மாதமும் அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறாய். தனியாகப் போ. உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதே, இதற்கு அவர் வேண்டாம். அவள் உன் கையைப் பிடித்துப் பார்ப்பாள். பார்க்க விடு.

திங்களும் வியாழனும் போகாதே. நீ போனால் அன்றைக்கும் உனக்குச் சோறு போட்டுவிட்டு, தான் பட்டினியாக எதிரில் உட்கார்ந்து, "சாப்பிடு மக்கா" என்பாள். அவளும் உன்னோடு சாப்பிடக்கூடிய ஒரு நாளில் போ.

சோற்றில் கை வைக்கும் முன்பே சொல்லிவிடு.

ஆரிப்